வேலையை விட்டுக் கொன்ராக்டுக்கு (சுயதொழில் ஒப்பந்த வேலைக்கு) போகமுன் (ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

"மணித்தியாலத்துக்கு 45 டொலர், கொன்ராக்டில் வாருங்கள்" என்று ஒரு நிறுவனம் கேட்டால் முதலில் கணக்கைப் போடுங்கள். இப்போது ஆண்டுச் சம்பளம் 80,000 டொலர் என்று வைப்போம். 2,080 மணித்தியாலத்தால் பிரித்தால் 38.46 வரும். முதலாளி உங்களுக்காகச் செலவழிப்பது அதைவிடக் கூட: சிபிபியில் (கனடிய ஓய்வூதியத் திட்டத்தில்) அவர் பங்கு 2025 வீதப்படி ஏறக்குறைய 4,380, குழுக் காப்புறுதி ஒரு 3,500, ஆர்ஆர்எஸ்பிக்கு (ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்குக்கு) 4 வீதம் போடுகிறார் என்றால் 3,200. எல்லாம் சேர்த்து 91,080. மறுபக்கத்தில் இரண்டு கிழமை விடுமுறை, 9 பொது விடுமுறைகள், காய்ச்சல் தடிமன், அடுத்த கொன்ராக்ட் கிடைக்கும்வரை சும்மா இருக்கும் நாட்கள் எல்லாம் கழிந்தால் பில் போடக்கூடியது 1,850 மணித்தியாலம் அளவில்தான். பிரித்துப் பாருங்கள், 49 டொலருக்கு மேல் வரும். அப்படியென்றால் 45 டொலர் என்பது சம்பளக் குறைப்பு.

இதில் அவசரமானது காப்புறுதிதான், ஏனென்றால் நாள் எண்ணத் தொடங்கிவிடும். குழுக் காப்புறுதி கடைசி வேலைநாளோடு முடிகிறதா, மாத முடிவிலா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். குழு ஆயுள் காப்புறுதியை மருத்துவப் பரிசோதனை இல்லாமல் தனிநபர் காப்புறுதியாக மாற்ற வழக்கமாக 31 நாள்தான் தருவார்கள். மருந்து, பல், கண் காப்புறுதியையும் உடல்நிலைக் கேள்வி இல்லாமல் தனித் திட்டமாக மாற்றலாம். அதற்கு 60 நாள் அல்லது 90 நாள், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் இந்த நாளைத் தவறவிட்டால், பிறகு உடல்நிலைக் கேள்வி கேட்கும் திட்டங்களில் பழைய நோயைக் காட்டி மறுப்பார்கள் அல்லது அந்த மருந்தை விலக்குவார்கள். மனைவிக்கோ கணவருக்கோ வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் அதில் சேருவதுதான் மலிவு. அதற்கும் பெரும்பாலும் 31 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

நீண்டகால ஊனக் காப்புறுதியைப் பெரும்பாலும் மாற்ற முடியாது, வேலையோடு போய்விடும். தனியாக எடுப்பதென்றால் ரி4 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) கையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். புதிதாகச் சுயதொழில் தொடங்கியவரிடம் வருமானச் சான்றாக இரண்டு ஆண்டு வரிக் கணக்குக் கேட்பது வழக்கம்.

ஓஹிப் (ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி) அட்டைக்கு ஒன்றும் ஆகாது. தனியார் காப்புறுதி இல்லாத 25 வயது ஆகாத பிள்ளைகளின் மருந்தை ஓஹிப் பிளஸ் என்ற அரச திட்டம் பார்க்கும். வருமானத்தோடு ஒப்பிட மருந்துச் செலவு மிக அதிகமென்றால் ட்ரில்லியம் என்ற ஒன்ராறியோ அரச மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதன் ஆண்டு ஆகஸ்ட் 1இல் தொடங்கும்.

வேலைக் காப்புறுதி (ஈஐ) விஷயத்தில் பலருக்கும் குழப்பம். சுயதொழிலில் இருப்பவர் வேலை போனால் கிடைக்கும் சாதாரண உதவியைப் பெற முடியாது. மகப்பேறு, பிள்ளை வளர்ப்பு, நோய், பராமரிப்பு ஆகியவற்றுக்கான விசேட உதவிகளுக்கு மட்டும் சேர்விஸ் கனடா கணக்கினூடாக விரும்பிச் சேரலாம். காப்புறுதிக் கட்டணத்தில் ஊழியர் பங்கை மட்டும் கட்டினால் போதும். ஆனால் சேர்ந்து 12 மாதம் காத்திருந்த பிறகுதான் கோரலாம். ஆகவே பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கொன்ராக்ட் தொடங்கிய உடனேயே பதியுங்கள், கருவுற்ற பிறகு பதிந்தால் மகப்பேறு உதவிக்குப் பெரும்பாலும் காலம் போதாது. மனம் மாறினால் 60 நாளுக்குள் விலகலாம். ஒருமுறை உதவி பெற்றுவிட்டால், சுயதொழில் வருமானம் வந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் அந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிபிபியில் இனி இரு பங்கும் உங்களுடையது: 2025இல் 3,500 முதல் 71,300 டொலர் வரையான நிகர வருமானத்தில் 11.9 வீதம், அதற்கு மேல் 81,200 வரை 8 வீதம். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்ரிக்கு (விற்பனை வரிக்கு) பதிய வேண்டும். ஒன்ராறியோவில் அது 13 வீதம். பில்லில் சேர்த்து வாங்கும் அந்த வரி உங்கள் பணம் அல்ல, தனிக் கணக்கில் போடுங்கள். வரிக் கணக்கை ஜூன் 15 வரை தாக்கல் செய்யலாம், ஆனால் வரிப்பணத்தை ஏப்ரல் 30க்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும்.

கேள்வி: அண்ணை, பல்லுக்கு அரசாங்கத் திட்டம் இருக்கிறதுதானே? பிறகு ஏன் தனியாக வாங்க வேண்டும்?

பதில்: தம்பி, குடும்பத்தின் சீராக்கிய நிகர வருமானம் 90,000 டொலருக்குக் கீழே, பல் காப்புறுதி பெறும் வழி எதுவும் இல்லை, கடந்த ஆண்டு வரிக் கணக்குத் தாக்கல் செய்தாயிற்று என்றால் கனடிய பல் பராமரிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கோ. 70,000க்குக் கீழே என்றால் இணைக்கட்டணம் (நீங்கள் கட்டும் பங்கு) இல்லை, 80,000க்குக் கீழே 40 வீதம், அதற்கு மேல் 60 வீதம். ஒரு பொறி இருக்கு: நீங்களே காசு கொடுத்து வாங்கும் திட்டத்தில் பல்லும் இருந்தால் இந்தத் திட்டத்துக்குத் தகுதி போய்விடும். அதனால் தனித் திட்டம் எடுக்கும்போது மருந்துக்கு மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கோ.

கேள்வி: அதே நிறுவனம், அதே மேலாளர், அவர்களுடைய மடிக்கணினி. பெயர் மட்டும் கொன்ராக்டர். சரிவருமா?

பதில்: வருமான வரித்துறை பெயரைப் பார்ப்பதில்லை. வேலையை எப்படிச் செய்வதென்று சொல்வது யார், கருவி யாருடையது, உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியுமா, நட்டம் வந்தால் யார் தலையில் என்றுதான் பார்க்கும். சந்தேகமென்றால் நீங்கள் ஊழியரா சுயதொழிலாளரா என்று சிபிரி1 படிவத்தால் தீர்ப்புக் கேட்கலாம், வேலை செய்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு ஜூன் 29 கடைசி நாள். இந்த நிலையில் கம்பனி பதிந்தால் இன்னும் மோசம்: தனிநபர் சேவை வணிகம் (கம்பனி என்ற பெயரில் ஊழியரைப் போலவே வேலை செய்வது) என்று முடிவானால் ஒன்ராறியோவில் 44.5 வீத வரி, செலவுக் கழிவும் பெரும்பாலும் இல்லை.

கேள்வி: படிப்பு முடிந்து திறந்த வேலை அனுமதியில் இருக்கிறேன். பிஆருக்கு (நிரந்தர வதிவிடத்துக்கு) இது பாதிக்குமா?

பதில்: பாதிக்கும் தங்கச்சி. கனடிய அனுபவ வகுப்பில் (சிஇசி) சுயதொழில் அனுபவம் கணக்கில் எடுபடாது, மருத்துவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு வருட அனுபவம் சேரும்வரை ரி4 வேலையிலேயே இருங்கோ. ஒரே முதலாளிக்குக் கட்டிய அனுமதியில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது, அனுமதி மீறலாகிவிடும்.