வெல்லம்பிட்டி, மட்டக்குளி வீடுகள்: தகரத்துக்கு முதல் பீம்

எல்லோருக்கும் வணக்கம்.

கொழும்புப் பக்கம் களனி கங்கையை அண்டிய வெல்லம்பிட்டி, மட்டக்குளி வீடுகளுக்குக் கூரைத் தகரம் மாற்ற நீங்கள் காசு சேர்ப்பது நல்லது. ஆனால் தகரம் மட்டும் போட்டால் அடுத்த பெருங்காற்றில் அதுவும் போய்விடும். காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே இழுத்துத் தூக்குவதுதான் ஆபத்து. தகரம் சலாகையையும் (தகரத்துக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம்), சலாகை கைமரத்தையும் (முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து வரும் மரம்), கைமரம் சுவரையும் விடாமல் பிடிக்கவேண்டும். அந்தக் கடைசிப் பிடிதான் இந்த வீடுகளில் இல்லை. கைமரம் புளொக் கல்லின் மேல் சும்மா கிடக்கிறது.

கூரை கழற்றும் நேரமே சுவர்த் தலையில் சுற்றிவரக் கொங்கிறீட் பீம் போட்டுவிடவேண்டும். பிறகு என்றால் இரட்டைச் செலவு. சுவரின் அகலம், ஆறங்குல உயரம், 10 மி.மீ. கம்பி நான்கு, அவற்றைச் சுற்றி ஆறங்குலத்துக்கு ஒரு 6 மி.மீ. வளையக்கம்பி. கலவை சீமெந்து, மணல், சல்லி 1:2:4. 50 கிலோ சீமெந்து மூட்டைக்குத் தண்ணீர் 25 லீற்றருக்கு மேல் போகக்கூடாது. கலவை இளகட்டும் என்று மேசன்மார் இன்னொரு வாளி ஊற்றப் பார்ப்பார்கள், விடாதீர்கள். கழுவாத கடல் மணலும் வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஏழு நாளாவது ஈரச்சாக்கு போட்டு நனைக்கவேண்டும்.

மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தினால் சுவர் அங்கேதான் பிரியும். வளைத்து, அடுத்த சுவருக்குள் குறைந்தது 16 அங்குலம் ஓட்டவேண்டும். கைமரம் வரும் இடமெல்லாம் கல்வனைஸ் பட்டியைப் பீமின் கம்பிக்கு அடியால் கோத்து, இரு நுனியும் மேலே நிற்க விட்டுக் கொங்கிறீட் போடுங்கள். கைமரத்தைப் பிடிப்பது அந்த நுனிகள்தான். கட்டுக்கம்பி அதற்குத் தாங்காது.

தகரத்துக்கு ஆணி அடித்தால் ஆட ஆடக் கழன்றுவிடும். றப்பர் வாஷரோடு திருகாணிதான். ஓரத்திலும் முகட்டிலும் தகரத்தின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று, நடுவில் ஒன்றுவிட்டொன்று. பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை உடைக்காமல், நனைத்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள். தூசு நெஞ்சுக்குக் கேடு.

2016 மே மாதக் களனி கங்கை வெள்ளத்தை நினைத்து, தண்ணீர் உள்ளே வராமல் வாசலை உயர அடைக்கலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். வெளியே மூன்றடித் தண்ணீர் நிற்க உள்ளே காய்ந்திருந்தால், ஒரு மீற்றர் நீளச் சுவரை ஏறத்தாழ 400 கிலோ தள்ளும். ஒற்றைப் புளொக் சுவர் ஆட்களின் மேல் விழும். இரண்டடிக்கு மேல் ஏறினால் தண்ணீரை உள்ளே விடுவதே பாதுகாப்பு. பிளக், ட்ரிப் சுவிட்ச் எல்லாம் பழைய வெள்ளக்கறைக்கு இரண்டடி மேலே ஏற்றி, வயரை மேலிருந்து இறக்கவேண்டும்.

காசை இரண்டு தவணையாக அனுப்புங்கள். கொங்கிறீட் ஊற்ற முன் நாலு மூலைக் கம்பியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்த்த பிறகு இரண்டாவது தவணை. மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.