போட்டோகிராமெட்ரி பழகும்போது கேட்ட விமர்சனங்கள்: மறக்க முடியாத ஒன்றைப் பகிருங்கள்

தக்கலை மாணவி

கன்னியாகுமரி மாவட்டம் சிதறால் மலையின் சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம் ஒன்றை போட்டோகிராமெட்ரி முறையில், அதாவது பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்களிலிருந்து கணினியில் முப்பரிமாண உருவம் கட்டும் முறையில், மாடலாக்கி, இணையக் கலைக் குழு ஒன்றில் கருத்துக் கேட்டுப் பதிவிட்டேன். அதற்கு வந்த ஒரு பதில் இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன். சிதறாலைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் கல்வெட்டு இருக்கும் இடம். 9ஆம் நூற்றாண்டில் அங்கே சமணம் செழித்திருந்தது. பாறை முகத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் அந்த உருவங்கள் இத்தனை நூற்றாண்டுகளின் மழையையும் காற்றையும் வாங்கியவை. மூக்கும் உதடும் மழுங்கி, நான் எடுத்த உருவத்தில் கண் இருந்த இடத்தில் லேசான குழிவு மட்டுமே எஞ்சியிருக்கிறது.

மேகம் மூடிய காலை வெளிச்சத்தில், அழுத்தமான நிழல் விழாத நேரம் பார்த்து, ஒன்றோடொன்று நன்றாக மேற்படியும்படி படங்களை எடுத்திருந்தேன். குழுவில் முதலில் வந்த கருத்துகள் அனைத்தும் முகத்தைப் பற்றியவை: முகம் குழைந்திருக்கிறது, விவரம் போதவில்லை, குறைந்த ஒளியில் எடுத்திருப்பீர்கள் என்றெல்லாம் எழுதினார்கள். கல்லே அப்படித்தான் இருக்கிறது என்று பதில் போட்டேன். மறுநாள், குழுவில் நல்ல பெயருள்ள ஒருவர் என் மாடலைத் தரவிறக்கி, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செதுக்கிச் 'சீர்செய்து' திரும்பப் பதிவேற்றியிருந்தார்.

கோப்பைத் திறந்து, மாடலைச் சுழற்றி முகத்துக்கு நேராக வந்தேன். தீர்த்தங்கரர் என்னைப் பார்த்தார். மேல் இமையும் கீழ் இமையும் நேற்றுச் செதுக்கியவை போலக் கூர்மையாக இருந்தன. உதட்டுக்கு விளிம்பு வந்திருந்தது. ஆனால் மேலே போர்த்திய நிறம் என் ஒளிப்படங்களிலிருந்து வந்த அதே நிறம் என்பதால், இடக் கன்னத்தில் படர்ந்திருந்த வெளிறிய பாசித் திட்டு அப்படியே மேலேறி, புதிதாக முளைத்த இமையின் குறுக்கே ஓடியது. கல்லில் இல்லாத இமையின்மேல் கல்லில் உள்ள பாசி. அதன் கீழே பாராட்டுகள் குவிந்திருந்தன. நான் நன்றி என்று மட்டும் எழுதிவிட்டு வெளியேறிவிட்டேன். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

மயிலாடிப் பட்டறை

தங்கைக்குக் கல்லில் இல்லாத கண் கிடைத்தது. எனக்கு வேண்டுமென்றே விட்டுவைத்த கண்ணைக் குறை என்றார்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு கோயிலுக்காக வேலை நடந்துகொண்டிருந்த அம்மன் சிலையை, அனிமேஷன் படிப்பின் செய்முறைப் பணிக்காக எடுத்தேன். உளி பட்டுச் சொரசொரப்பாக இருந்த பீடமும் முதுகும் மணி மணியாக வந்தன. பாலிஷ் போட்ட மார்பும் தோளும் மட்டும் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் மேடும் பள்ளமுமாக வந்தன. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கேமரா நகரும்போது பளபளப்பும் கூடவே நகர்கிறது, மென்பொருளோ அதைக் கல்லின் ஒரு புள்ளி என்று நம்பித் தேடுகிறது. குழுவில் கேட்டதற்கு, டால்கம் பவுடர் தூவி எடுக்கச் சொன்னார்கள். அதை அப்பாவிடம் சொன்னபோது, "கோயிலுக்குப் போற விக்கிரகத்துக்கு முகப்பவுடரா?" என்று கேட்டுவிட்டு, உளியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

அதை விடுங்கள். வேறொருவர், கண்கள் இரண்டும் வழவழவென்று வெறுமையாக இருப்பதாகவும், அது மென்பொருளின் பிழை என்றும், விழிகளைத் தனியே செதுக்கிச் சேர்த்துவிடுமாறும் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். விக்கிரகத்துக்குக் கண் கடைசியில்தான் திறக்கப்படும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வட்டம் போட்ட படத்தை மடிக்கணினியில் அப்பாவுக்குக் காட்டினேன். கைத்தூசியை வேட்டியில் துடைத்துவிட்டு, திரையில் அந்த வட்டத்தின்மேல் கட்டை விரலை வைத்தார். "மக்களே, கண் திறக்க நாள் குறிச்சாச்சு. அதுக்கு முன்னால நீ பெட்டிக்குள்ள திறந்து வச்சிருவியோ?" என்றார். கேலியாகக் கேட்டாரா, கண்டிப்பாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. செய்முறைப் பணிக்குக் கண் இல்லாமலேயே சமர்ப்பித்தேன். முழுமையின்மை என்று மதிப்பெண்ணில் கொஞ்சம் பிடித்தார்கள்.

குலசேகரம் சர்வே வாத்தியார்

முதலில் எழுதிய மாணவியிடம் ஒன்று கேட்கிறேன். அந்தத் தீர்த்தங்கரரின் உயரம் என்ன என்று உங்கள் மாடலை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாதென்றால், இமையைச் சேர்த்தவர் மீது மட்டும் வருத்தப்படுவது முழு நியாயம் ஆகாது. ஒளிப்படங்களை மட்டும் வைத்து மென்பொருளால் வடிவத்தைச் சொல்ல முடியுமே தவிர அளவைச் சொல்ல முடியாது. கைப்பிடிப் பொம்மையும் கோபுரமும் அதற்கு ஒன்றுதான். அளவில்லாத மாடலைக் கலைப்பொருளாகத்தான் எவரும் பார்ப்பார்கள், ஆவணமாகப் பார்க்க மாட்டார்கள்.

என் அனுபவம் சிறியது. கால்வாய் நீரைப் பள்ளத்தின் மேலாகக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப் பாலத்தை மாணவர்கள் பயிற்சிக்காக எடுத்தார்கள். 1966இல் கட்டப்பட்டது, 115 அடி உயரம், 28 தூண்கள். மாடலைக் குழுவில் போட்டதும் அழகு, கம்பீரம் என்று ஒரே புகழ்ச்சி. பாலத்தடியில் இளநீர் விற்கும் பெரியவர் ஒருவர் மாணவனின் கைப்பேசியை வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு ஒன்றும் பேசாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். "இதுல தூண் குறையுதே பிள்ளே" என்றார். தூண்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருப்பதால், மென்பொருள் இரண்டு தூண்களை ஒரே தூண் என்று எடுத்துக்கொண்டு பாலத்தையே சுருக்கிவிட்டது. குழுவில் அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவரும் எண்ணவில்லை.

ஆகவே கற்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 விழுக்காடு வரை மேற்படிய வேண்டும்; எந்தப் புள்ளியும் குறைந்தது மூன்று படங்களிலாவது தெரிய வேண்டும். ஒரே இடத்தில் நின்றுகொண்டு கேமராவை மட்டும் திருப்பி எடுப்பது பயன்படாது, நீங்கள் நகர வேண்டும். ஜூமைத் தொடாதீர்கள். குவியத்தையும் வெளிச்ச அளவையும் வெண்சமநிலையையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் நிற அமைப்பு) ஒருமுறை அமைத்துவிட்டுப் பூட்டிவிடுங்கள். கைப்பேசியில் தானாக அழகுபடுத்தும் வசதிகள் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரே மாதிரி தூண்கள் வரிசையாக உள்ள இடத்தில் தூணுக்கு ஒன்றாக வெவ்வேறு குறித்தாள்களை, அதாவது மென்பொருள் அடையாளம் காணும் குறி அச்சிட்ட தாள்களை, ஒட்டுங்கள். ஒட்டக்கூடாத இடமானால் அருகே தரையில் வையுங்கள். அளவுகோல் ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். ஒன்றை வைத்து அளவை நிர்ணயித்துவிட்டு, மற்றொன்றின் நீளம் சரியாக வருகிறதா என்று சோதிப்பதுதான் முறை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கேமரா முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இத்தனையும் செய்தால் விமர்சனம் கேட்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

குளச்சல் கடலோரம்

சர்வே சார் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் விமர்சனம் வேண்டாம் என்பது சரியில்லை. குழுவில் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு வரி, பாடப்புத்தகம் சொல்லாததைச் சொன்னது.

கரையில் ஏற்றிவைத்திருந்த கட்டுமரம் ஒன்றை எடுத்தேன். மரங்களைப் பிணைத்திருந்த கயிறு, அதன் முறுக்கு, உப்புப் பூத்த வெள்ளை எல்லாம் அப்படியே வந்திருந்ததாக எண்ணிக் குழுவில் காட்டினேன். முகம் தெரியாத ஒரு மூத்தவர், "நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் மாடலைக் காட்டுங்கள்" என்று மட்டும் எழுதினார். ஒரு சொடுக்கில் நிறம் போனதும் கயிறும் போய்விட்டது. கட்டு இருந்த இடத்தில் மரத்தின்மேல் ஒரு வீங்கிய பட்டை மட்டும் இருந்தது. கயிறாக நான் பார்த்ததெல்லாம் ஒளிப்படத்தின் மேல்பூச்சு. திரும்பவும் கடற்கரைக்குப் போய், ஒவ்வொரு கட்டுக்கும் அருகே குனிந்து, மேலும் கீழுமாகச் சுற்றி எடுத்துச் சேர்த்த பிறகுதான் முறுக்கு வடிவமாகவே வந்தது. கட்டுமரத்தின் சொந்தக்காரர், கயிற்றை எதற்குடா இத்தனை போட்டோ எடுக்கிறாய், புதிதாகவா கட்டித் தரப் போகிறாய் என்று கேட்டார்.

அந்த மூத்தவர் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மார்த்தாண்டம், கேம் ஆர்ட்டிஸ்ட்

எனக்கு இதுவே தொழில் என்பதால் தக்கலை மாணவி கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். எங்கள் துறையில் ஸ்கேன் என்பது மூலப்பொருள். பரப்பு முழுவதும் கோடிக்கணக்கான சிறு முக்கோணங்களால் பின்னப்பட்டு வரும் மாடலை இளைக்கவைத்து, குறைந்த முக்கோணங்களோடு புதிய கண்ணி பின்னி, படத்தில் பதிந்துவிட்ட வெயிலையும் நிழலையும் நீக்கி, தேய்ந்ததைக் கூர்மையாக்கிக் கொடுப்பதுதான் வேலை. உங்கள் மாடலைச் செதுக்கியவர் அந்தப் பழக்கத்தில் செய்திருப்பார். நீங்களும் இது எதற்காக எடுத்தது என்று தலைப்பில் எழுதியிருந்ததாகத் தெரியவில்லை. உங்கள் மாடலை அனுமதி கேட்காமல் எடுத்துப் போட்டது தவறு, அதில் இரண்டு கருத்தில்லை.

நான் மாணவனாக இருந்தபோது பத்மநாபபுரம் அரண்மனையின் தரையை எடுத்துப் பார்த்தேன். சுட்ட கொட்டாங்கச்சியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கருந்தரை சன்னலைப் பிரதிபலிக்கும் அல்லவா, மென்பொருள் அந்தப் பிரதிபலிப்பை உண்மை என்று நம்பி, தரைக்கு அடியில் தலைகீழாக ஒரு சன்னலையும் அரைகுறைச் சுவரையும் கட்டி வைத்திருந்தது. அழிக்கப் போனேன். குழுவில் இருந்த ஒரு பெண், அழிக்காதீர்கள், அந்தத் தரையின் மினுமினுப்புக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது என்று எழுதினார். பணிக்கு அழித்துத்தான் கொடுத்தேன். ஆனாலும் இன்றைக்கு எந்தப் பளபளப்பான தரையைப் பார்த்தாலும் அடியில் என்ன கட்டியிருக்கும் என்று தோன்றிவிடுகிறது.

மயிலாடிப் பட்டறை

மார்த்தாண்டத்து அண்ணன் சொல்வதை ஏற்க முடியவில்லை. தேய்ந்ததைக் கூர்மையாக்குவது விளையாட்டுக்குச் சரி. தீர்த்தங்கரரின் இமை எந்த வளைவில் இருந்தது என்று செதுக்கியவருக்கு யார் சொன்னார்கள்? எங்கள் பட்டறையில் உடைந்த சிலைக்கு மூக்கு வைக்கச் சொல்லிக் கேட்டால்கூட அப்பா பழைய படம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். சர்வே சாருக்கு ஒரு கேள்வி: குறித்தாள்களை வீட்டு அச்சுப்பொறியிலேயே எடுத்துக்கொள்ளலாமா?

குலசேகரம் சர்வே வாத்தியார்

தாராளமாக எடுக்கலாம். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன்: அளந்து எடுத்த கோப்பை யாரும் தொடாமல் ஒரு பிரதி, காட்சிக்காகத் திருத்தியது வேறொரு பிரதி, எது எது என்று பெயரிலேயே தெரிய வேண்டும். தக்கலை மாணவி அந்த நபருக்கு எழுதி, திருத்திய பதிவின் தலைப்பில் கற்பனைச் சேர்க்கை என்று போடச் சொல்லலாம். பெரும்பாலானவர்கள் கேட்டால் செய்வார்கள். குறித்தாள்களைப் பளபளப்பில்லாத கனத்த தாளில் எடுங்கள், அட்டையில் ஒட்டிச் சமமாக வையுங்கள். அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவை நீக்கிவிடுங்கள். அது இருந்தால் 10 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும், அளந்தால் 10 வராது.