வெனிஸ் நகருக்கு மூன்று பிள்ளைகளுடன் குறைந்த செலவில் போய்வருவது எப்படி?

கேள்வி: கல்லடி வாசகி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கின்றோம். வருகின்ற டிசம்பர் பாடசாலை விடுமுறையில் சுவிற்சர்லாந்தில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குக் குடும்பமாகப் போவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கின்றோம். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 11 வயது, மகளுக்கு 8 வயது, கடைக்குட்டிக்கு 4 வயது. அவ்வளவு தூரம் போகின்றபோது பக்கத்து நாடான இத்தாலியிலுள்ள வெனிஸ் நகரையும் காட்டிவிட வேண்டும் என்பது மூத்தவனின் விருப்பம். வாவிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை என்பதால், வாவிக்கு நடுவே ஒரு முழு நகரத்தையே கட்டி எழுப்பியிருக்கின்றார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றான்.

விமானச் சீட்டுக்கே கையிலிருந்த சேமிப்பின் பெரும்பகுதி போய்விட்டது. வெனிஸில் மூன்று நாள்களுக்கு, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாவற்றுக்குமாக 700 யூரோவுக்கு மேல் ஒதுக்குவது எங்களால் இயலாத காரியம். அங்கே போய்வந்தவர்கள் சிலரிடம் விசாரித்தபோது, படகுக்கும் காசு, நகருக்குள் நுழைவதற்கும் காசு, நாற்காலியில் அமர்ந்தாலும் காசு என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். சுவிஸ் விசாவுடனேயே இத்தாலிக்குள் போகலாமா, எந்தப் பகுதியில் தங்குவது பிள்ளைகளுக்கு வசதி, கொண்டோலா என்னும் அந்தப் படகில் ஏறுவது கட்டாயம்தானா, ஏறாவிட்டால் பிள்ளைகளுக்கு வேறு எதைக் காட்டலாம் என்பனவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: படுவான்கரை (வட இத்தாலியில் வசிப்பவர்)

வணக்கம் தங்கச்சி. விசாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சுவிற்சர்லாந்தும் இத்தாலியும் ஷெங்கன் வலயத்துக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகின்றீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நீங்கள் சுவிஸுக்கு விண்ணப்பித்து, பயணத் திட்டத்தில் வெனிஸையும் மறைக்காமல் எழுதுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயது நிறையும் வரை 45 யூரோ. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. மூத்தவன் 12 வயதை எட்டுமுன் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அடுத்து, செலவில் பெரிய பங்கு போகின்ற படகைப் பார்ப்போம். வெனிஸில் பஸ்ஸுக்குப் பதிலாக ஓடுவது வப்பரெட்டோ என்னும் பயணிகள் படகு. நம் ஊரில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ஓடுகின்ற ‘பாதை’ என்னும் கடவைப் படகைப் போல அந்த ஊர் மக்களின் அன்றாடப் போக்குவரத்து அது. ஆனால் வெளியாருக்கு 75 நிமிடச் சீட்டு ஒன்றுக்கு 9.50 யூரோ எடுக்கின்றார்கள். கடைக்குட்டிக்கு 6 வயது ஆகாததால் சீட்டு வேண்டாம். மற்ற நால்வருக்கும் ஒரு தடவைக்கு 38 யூரோ ஆகிவிடும். தனிச்சீட்டு எடுத்தீர்களானால் இரண்டு நாளில் பணப்பை காலியாகிவிடும். 72 மணிநேர அட்டை பெரியவர்களுக்கு 45 யூரோ. 6 வயது முதல் 29 வயது வரையுள்ளவர்களுக்கு ரோலிங் வெனிஸ் என்றொரு அட்டையை 6 யூரோவுக்குக் கொடுக்கின்றார்கள். அதை வாங்கினால் அதே 72 மணிநேரச் சீட்டு 27 யூரோவுக்குக் கிடைக்கும். அப்படியானால் உங்கள் குடும்பத்துக்கு மொத்தம் 156 யூரோ. ஐந்தாவது தடவை படகில் ஏறும்போதே தனிச்சீட்டுச் செலவு இதைத் தாண்டிவிடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரம் நீங்கள் முதன்முதல் அட்டையை இயந்திரத்தில் காட்டுகின்ற நிமிடத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஆகையால் வந்திறங்கிய இரவே அவசரப்பட்டுக் காட்டாமல், மறுநாள் காலை முதற்படகில் தொடங்குங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், புறப்படுமுன் படகுச் சேவையின் இணையத்தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு நான் மெஸ்த்ரேயைத்தான் சொல்வேன். அது பெருநிலத்திலுள்ள பகுதி. அங்கிருந்து வெனிஸ் சாந்தா லூசியா நிலையத்துக்கு ரயிலில் ஏறத்தாழப் பத்து நிமிடம். ஆளுக்கு இரண்டு யூரோ கூட ஆகாது. மேலே சொன்ன அட்டை மெஸ்த்ரே பஸ்ஸுக்கும் டிராமுக்கும் செல்லும், ரயிலுக்குச் செல்லாது. சமையலறையுள்ள அறையாகப் பார்த்து எடுத்தால், காலையில் பாணும் முட்டையும், இரவில் சோறும் ஒரு கறியும் நீங்களே ஆக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பயமில்லை.

நுழைவுக் கட்டணம் என்று உங்களைப் பயமுறுத்தியது 2024இல் தொடங்கிய ஒரு நடைமுறை. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடைப்பட்ட குறிப்பிட்ட நாள்களில், இரவு தங்காமல் வந்து திரும்புகின்றவர்களிடம் மட்டும் வாங்குகின்றார்கள். டிசம்பரில் போகின்ற உங்களை அது தொடாது.

உணவகங்களில் அமர்ந்து சாப்பிட்டால் கோப்பர்த்தோ என்று ஆளொருவருக்கு ஒரு தொகையைச் சேர்ப்பார்கள். அது ஏமாற்று அல்ல, விலைப்பட்டியலிலேயே எழுதியிருக்கும். கோப்பிக் கடையில் மேசையில் அமராமல் நின்றுகொண்டு குடித்தால் விலை பாதிக்கும் கீழே குறையலாம். தண்ணீர் வாங்கவே வேண்டாம். சதுக்கங்களில் எந்நேரமும் ஓடுகின்ற குழாய்களில் வருவது குடிதண்ணீர்தான், போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள். சான் மார்க்கோ சதுக்கத்தின் படிகளில் அமர்ந்து சாப்பிடுவதற்கும், புறாவுக்குத் தீனி போடுவதற்கும் அபராதம் உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பதில்: காரைதீவு ஆசிரியை

அக்காவுக்கு வணக்கம். செலவுக் கணக்கை அண்ணா தெளிவாக எழுதிவிட்டார். பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது என்பதைப் பற்றி மட்டும் நான் எழுதுகின்றேன், ஏனென்றால் வெனிஸில் அவர்கள் மறக்காத விடயங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே தேவையில்லை.

கொண்டோலா வேண்டாம் என்பது என் கருத்து. அரை மணிநேரத்துக்குப் படகொன்றுக்கு 90 யூரோ. இரவு ஏழு மணிக்குப் பின் 110 யூரோ. ஐவரும் ஒரே படகில் ஏறலாம் என்றாலும், உங்கள் ஒதுக்கீட்டில் அது பெரிய ஓட்டை. அதற்குப் பதிலாகத் திராகெத்தோ என்றொன்று இருக்கின்றது. பெருங்கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, அதே வடிவமுள்ள சற்றுப் பெரிய படகில், முன்னும் பின்னுமாக இருவர் துடுப்புப் போட்டு ஆள்களைக் கடத்திவிடுகின்றார்கள். ஆளுக்கு 2 யூரோ. சாந்தா சோபியா துறையிலிருந்து ஏறினால் நேரே ரியால்தோச் சந்தையில் கொண்டுபோய் விடுவார்கள். செவ்வாய் முதல் சனி வரை காலையில் அங்கே மீன் விற்பார்கள். கணவாயையும் இறாலையும் பார்த்ததும் நம் பிள்ளைகளுக்கு ஊர் நினைவு வந்துவிடும்.

முதல் நாள் காலையில் 1ஆம் இலக்கப் படகில் நிலையத்திலிருந்து சான் மார்க்கோ வரை போங்கள். அது ஒவ்வொரு துறையிலும் நிற்கின்ற மெதுவான படகு. பெருங்கால்வாய் ஏறத்தாழ 3.8 கிலோமீற்றர் நீளமுடையது. துறையை நெருங்கியதும் படகு ஊழியர் தடித்த கயிற்றை எடுத்துக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குவார்; படகு முனகிக்கொண்டு மிதவைத் துறையோடு ஒட்டும்; உடனே இரும்புப் படலையைத் தள்ளித் திறப்பார். இறங்குபவர் இறங்கி ஏறுபவர் ஏறியதும் கயிறு ஒரே உதறலில் கழன்றுவிடும். என் மாணவன் ஒருவன் அங்கே போய்வந்தபின், அரண்மனையை விட்டுவிட்டு இந்தக் கயிற்றைப் பற்றித்தான் வகுப்பில் சொன்னான். அம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் குப்பை வண்டியும் கூட அங்கே படகுகள்தான் என்பதையும் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மூத்தவனுக்குத் தண்ணீரில் வீடு நிற்கின்ற விதத்தை அந்த இடத்திலேயே விளக்கலாம். சேற்றுக்குள் மரக்கட்டைகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின் மேல் பலகையும் கல்லும் பரப்பி, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். சேற்றுக்குள் ஒட்சிசன் குறைவு என்பதால் மரம் விரைவில் உக்குவதில்லை. நகரைச் சுற்றிய வாவி பெரும்பாலும் ஆழமற்றது. அதில் எங்கே படகு ஓடலாம் என்பதைக் காட்டுவதற்காக, இரண்டு மூன்று மரங்களைத் தலையில் சேர்த்துக் கட்டி நட்டிருப்பார்கள். வாவியிலுள்ள புரானோத் தீவுக்குப் போகும்போது அவை வரிசையாக வரும். இன்னொரு விடயம்: ஆறுகள் கொண்டுவருகின்ற மண்ணால் வாவி தூர்ந்துபோய்விடும் என்று அஞ்சி, வெனிஸ்காரர் பிரெந்தா ஆற்றையே திசைதிருப்பி வெளிக்கடலில் கொண்டுபோய் விட்டார்கள். முகத்துவாரம் மண்மேடிட்டு அடைபடுவதையும் மழைக்காலத்தில் அதை வெட்டிவிடுவதையும் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும்.

மார்க்கோ போலோ இந்த ஊர்க்காரர். 1271இல் புறப்பட்டுச் சீனா வரை போனவர், தம் பயணக் குறிப்பில் இலங்கையையும் அதன் மாணிக்கங்களையும் பற்றிச் சொல்லியிருக்கின்றார். ரியால்தோப் பாலத்துக்கு அருகே, அவருடைய குடும்ப வீடு இருந்ததாகச் சொல்லப்படுகின்ற மில்லியோன் முற்றம் இருக்கின்றது. அங்கே நுழைவதற்குக் கட்டணம் கிடையாது. நம் நாட்டைப் பற்றி எழுதிய மனிதர் விளையாடிய முற்றம் இதுவாக இருக்கலாம் என்று சொல்லுங்கள், பிள்ளைகள் சுற்றிச்சுற்றிப் பார்ப்பார்கள். மகளுக்கு, நகரின் சின்னமாகிய சிறகுள்ள சிங்கத்தைச் சுவர்களிலும் தூண்களிலும் தேடி எண்ணுகின்ற விளையாட்டு ஒன்றே மூன்று நாளுக்குப் போதும்.

முரானோவுக்கும் புரானோவுக்கும் உங்கள் படகு அட்டையே செல்லும். தீ விபத்துக்கு அஞ்சி 1291இல் கண்ணாடி உலைகளையெல்லாம் முரானோத் தீவுக்கு மாற்றினார்கள். புரானோ மீனவர் தீவு. வீட்டுக்கு வீடு வேறு நிறம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்குமென்றால் புரானோவையே தெரிவுசெய்யுங்கள். கண்ணாடிக் கடைக்குள் நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நிம்மதியாக நிற்க இயலாது.

பதில்: கல்முனைப் பயணி

படுவான்கரை அண்ணாவின் கணக்குச் சரியானது. ஆனாலும் மூன்று இரவும் மெஸ்த்ரேயில் தங்குவதை நான் ஏற்கமாட்டேன். கடைக்குட்டிக்குப் பகலில் ஒரு தூக்கம் வேண்டும். அதற்காக மெஸ்த்ரேக்குத் திரும்பி மறுபடியும் வருவதானால், நடையும் காத்திருப்பும் சேர்ந்து ஒரு பின்னேரமே போய்விடும். டிசம்பரில் நாலரை மணியளவில் இருட்டிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நத்தாருக்கு முந்திய வாரங்களில், வார நாள்களில், வெனிஸ் தீவுக்குள்ளேயும் அறை வாடகை கோடை காலத்தைவிட நன்றாகக் குறைந்திருக்கும். ஆகவே இரண்டு இரவை மெஸ்த்ரேயிலும், ஒரு இரவையாவது கன்னரேஜ்ஜோ பகுதியிலோ ஜூதேக்காத் தீவிலோ கழியுங்கள். பகலில் வந்தவர்கள் திரும்பிப் போனபின் ஒழுங்கைகள் வெறிச்சோடிவிடும். வாகனம் என்று ஒன்றுமே இல்லாத ஊரில் பிள்ளைகள் சதுக்கத்தில் ஓடி விளையாடலாம். கன்னரேஜ்ஜோவில் ஒரு பழைய அரங்கு மண்டபம் சித்திரச் சுவர்களோடு அப்படியே தெஸ்பார் பல்பொருள் அங்காடியாக இயங்குகின்றது. பாலும் பாணும் பழமும் வாங்குகின்ற சாட்டில் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

உயரத்திலிருந்து நகரைப் பார்க்க விரும்பினால், சான் மார்க்கோ மணிக்கோபுரத்தின் வரிசையில் நிற்காமல், எதிரேயுள்ள சான் ஜோர்ஜோ மாஜ்ஜோரே தீவுக் கோபுரத்துக்குப் போங்கள். அங்கேயும் மின்தூக்கி உண்டு, கூட்டம் குறைவு. மேலிருந்து பார்த்தால் சான் மார்க்கோவே எதிரில் தெரியும்.

கேள்வி கேட்டவர்: கல்லடி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசி இரவைத் தீவுக்குள் தங்குவது என்று என் கணவரும் சம்மதித்துவிட்டார். இன்னும் இரண்டு விடயங்கள் மனத்தை உறுத்துகின்றன. கடைக்குட்டிக்குத் தள்ளுவண்டி கொண்டுபோகலாமா? டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கும் என்கின்றார்களே, பிள்ளைகளோடு அகப்பட்டுக்கொள்வோமா? நம் ஊரிலும் அது வெள்ளக் காலம் என்பதால் இந்தப் பயம் கூடுதலாகவே இருக்கின்றது.

பதில்: படுவான்கரை (வட இத்தாலியில் வசிப்பவர்)

தள்ளுவண்டி வேண்டாம், தங்கச்சி. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊர். அநேகமாக எல்லாவற்றிலும் படிகள். பிள்ளையை முதுகில் சுமக்கின்ற பையை மச்சாளிடம் சொல்லி இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது, கால்வாய் ஓரப் பாதைகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே இல்லை. அத்தகைய இடங்களில் சின்னவனை ஒருவர் எப்போதும் கையில் பிடித்திருக்க வேண்டும். ஓடி விளையாட விடுவதானால், தண்ணீரிலிருந்து தள்ளியிருக்கும் உட்சதுக்கங்களாகப் பாருங்கள்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, அது நம் ஊரைப் போல நாள்கணக்கில் நிற்கின்ற மழைவெள்ளம் அல்ல. கடல் வற்றுப்பெருக்கோடு ஏறி, சில மணிநேரத்தில் இறங்கிவிடுகின்ற தண்ணீர். 1966 நவம்பரில் 194 சென்ரிமீற்றரும், 2019 நவம்பரில் 187 சென்ரிமீற்றரும் ஏறிப் பெருநாசம் விளைந்தது உண்மைதான். ஆனால் வாவியின் மூன்று வாய்களிலும் கடலடியில் பொருத்தப்பட்ட 78 இரும்புக் கதவுகளை 2020 ஒக்டோபர் 3ஆம் திகதி முதன்முறையாக வெள்ளத்துக்கு எதிராக உயர்த்தினார்கள். நீர்மட்டம் 110 சென்ரிமீற்றரை எட்டும் என்று எதிர்வுகூறும்போது கதவுகள் உயர்ந்துவிடும். அதற்குக் குறைந்த நாள்களில் சான் மார்க்கோ சதுக்கம் போன்ற மிகத் தாழ்ந்த இடங்களில் கொஞ்சம் தண்ணீர் தேங்கலாம். நகரசபை நீர்மட்ட எதிர்வுகூறலை ஒவ்வொரு நாளும் வெளியிடுகின்றது. அதைப் பார்த்து, தண்ணீர் ஏறுகின்ற நேரத்தில் வேறு பகுதியில் நின்றுகொண்டால் சப்பாத்துக்கூட நனையாது.

குளிருக்குத்தான் ஆயத்தம் வேண்டும். புரானோவுக்குப் போகின்ற 12ஆம் இலக்கப் படகு ஃபொந்தமெந்தே நோவே துறையிலிருந்து ஏறத்தாழ முக்கால் மணிநேரம் திறந்த வாவியில் ஓடும். காற்று காதை வெட்டும். தொப்பியும் கையுறையும் போட்டு, சின்னவனைப் படகின் உள்ளறையில் யன்னலோரமாக இருத்துங்கள். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பக்கூடியதாக, அந்தப் பயணத்தைக் காலை ஒன்பது மணிக்கு முன் தொடங்கிவிடுங்கள்.