அமெரிக்க மாநிலங்களின் கஞ்சாச் சட்டமூலம்: எங்கிருந்து வாசிப்பது? நம்ம மலைக்கு அதில் என்ன இருக்கு?

பத்தனைச் சந்தி:

வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் ஒரு விவாதம். வயது வந்தவர்களுக்குக் கஞ்சாவை அனுமதித்து, அரசே ஒழுங்குபடுத்தலாமா என்பது தலைப்பு. இரண்டு அணியும் "அமெரிக்காவுல விட்டுட்டாங்க" என்றுதான் தொடங்குகிறது. ஒரு அணிக்கு அது முன்னேற்றம், மற்ற அணிக்கு அழிவு. எந்த மாநிலம், எத்தனை கிராம், யார் விற்பது என்று கேட்டால் இரண்டு பக்கமும் கப்சிப்.

மூன்று கேள்வி. இப்படியான மாநிலச் சட்டமூலத்துக்குள் என்னதான் இருக்கும், எதை முதலில் பார்க்கணும்? கொண்டுவந்த இடங்களில் எங்கே சறுக்கியது? மூன்றாவது ஊர்ப் பேச்சு. காடு மண்டிக் கிடக்கிற தேயிலைக் காணியில் கஞ்சா போட விடப்போறாங்களாம். இதில் உண்மை ஏதும் இருக்கா?

கறுப்புக்கோட்டு:

மாதிரிக்கு இலினோய் சட்டத்தை எடுங்கள். கொலராடோவிலும் வொஷிங்டனிலும் 2012 நவம்பரில் மக்கள் வாக்களித்து வந்தது. 2018இல் வெர்மொண்ட் சட்டசபை அனுமதித்தது, ஆனால் கடைக்கு அப்போது இடம் வைக்கவில்லை. விற்பனை ஏற்பாட்டையும் சேர்த்துச் சட்டசபையே நிறைவேற்றிய முதல் மாநிலம் இலினோய். 2019இல் கையொப்பமானது, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறை.

தலைப்பையும் முன்னுரையையும் தாண்டிப் போங்கள். அங்கே நீதி, பொதுச் சுகாதாரம் என்று அழகான வார்த்தைகள்தான் இருக்கும். முதலில் வரைவிலக்கணப் பிரிவு. "கஞ்சா" என்பதற்குள் பூ மட்டுமா, பிசினும் சாறும் சேருமா, தின்பண்டம் எந்தக் கணக்கில் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. அடுத்தது கையிருப்பு எல்லை. இலினோயில் 21 வயது நிரம்பிய மாநிலவாசி 30 கிராம் பூ, 5 கிராம் செறிவுப்பொருள் (பிரித்தெடுத்த பிசின், சாறு வகை), 500 மில்லிகிராம் டீஎச்சி (போதை தருகிற கூறு) அடங்கிய தின்பண்டம் வைத்திருக்கலாம். வெளியூர்க்காரருக்கு இதில் சரிபாதி. வீட்டில் செடி வளர்க்கிற உரிமை பதிவுபெற்ற நோயாளிக்கு மட்டும், அதுவும் 5 செடி. "இலினோயில் எல்லாரும் முற்றத்தில் நடலாம்" என்று யாராவது சொன்னால், அவர் இந்தப் பிரிவைத் திறந்தே பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வரி. சண்டை முழுக்க இங்கேதான். இலினோயில் டீஎச்சி 35 வீதத்துக்கு மேற்படாத பூவுக்கு 10 வீதம், 35ஐத் தாண்டினால் (செறிவுப்பொருள் பெரும்பாலும் இதில்தான் வரும்) 25, தின்பண்டத்துக்கு 20. இதோடு வழமையான மாநில விற்பனை வரி 6.25, நகரசபை விரும்பினால் கூடியது 3. 100 டொலர் பூவுக்கு 19.25, 100 டொலர் செறிவுப்பொருளுக்கு 34.25, மாவட்ட வரி இருந்தால் அதற்கும் மேலே. வளர்ப்பவர் முதல் விற்பனையில் கட்டுகிற 7 வீதம் ஏற்கெனவே விலைக்குள் ஒளிந்திருக்கிறது. தெருவில் விற்பவனுக்கு இதில் ஒரு சதமும் இல்லை. கறுப்புச் சந்தை ஏன் சாகவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் பாதி விளங்கிவிடும்.

வரியை எதன்மேல் போடுவது என்பதும் முக்கியம். நியூயோர்க் 2021 சட்டத்தில் டீஎச்சியின் மில்லிகிராமுக்கு வரி போட்டார்கள்: பூவுக்கு அரைச் சதம், செறிவுப்பொருளுக்கு 0.8 சதம், தின்பண்டத்துக்கு 3 சதம். காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிந்தது. நடைமுறையில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வுகூட இலக்கத்தை வைத்து வரி கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. 2024 ஜூன் 1 முதல் அதை விட்டு மொத்த விலையில் 9 வீதம் என்று மாற்றினார்கள். கலிபோர்னியாவில் நிறைக்குப் போட்ட பயிர்ச்செய்கை வரி 2022 நடுப்பகுதியில் ஒழிந்தது. 15 வீதக் கலால் 2025 ஜூலையில் 19 ஆகி, மூன்றே மாதத்தில் திரும்ப 15க்கு வந்தது.

கடைசியாகத் திகதிகள். பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான். வைத்திருப்பது ஒரு நாளில் சட்டபூர்வமாகி, கடை திறக்க வருடக்கணக்கில் பிந்தினால் நடுவில் வியாபாரம் யாருடைய கையில் இருக்கும்? வேர்ஜீனியாவில் 2021 ஜூலை 1 முதல் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராமளவு, வைத்திருக்கலாம், வீட்டுக்கு 4 செடி நடலாம். வாங்குவதற்குக் கடை வைக்கவில்லை. கடைக்கான சட்டமூலத்தை ஆளுநர் 2024இலும் 2025இலும் மறுத்தார். நியூயோர்க்கில் சட்டம் 2021 மார்ச்சில், முதல் கடை திறந்தது 2022 டிசம்பர் கடைசியில். அந்த இடைவெளியில் நகரமெங்கும் அனுமதியில்லாக் கடைகள் முளைத்துவிட்டன. இலினோயில் ஏற்கெனவே இருந்த மருத்துவக் கஞ்சாக் கடைகளை முதல் நாளே விற்க விட்டதால் அந்த வெற்றிடம் வரவில்லை. ஆனால் புதிதாக வருவோருக்கான 75 அனுமதிப்பத்திரத்துக்கு 900க்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்க, 21 பேர் மட்டும் முழுப்புள்ளி எடுத்து, வழக்கு, பிறகு குலுக்கல் என்று 2022 வரை இழுபட்டது. பழைய சட்டத்தால் அடிபட்ட பகுதிகளுக்கு முன்னுரிமை என்ற பிரிவு அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. அதன் பலன் கடைசியாக வந்து சேர்ந்ததும் அவர்களுக்குத்தான்.

இலினோய் உருப்படியாகச் செய்தது பழைய குற்றப்பதிவுகளில். 30 கிராமுக்கு உட்பட்ட சிறு வழக்குகள் விண்ணப்பமில்லாமலே அழிபட ஏற்பாடு வைத்தார்கள். விண்ணப்பித்தால் மட்டும் என்று விடுகிற மாநிலங்களில் கட்டணம், வழக்கறிஞர் என்று பயந்து பலர் கிட்டவே போவதில்லை.

நானுஓயா மெயில்:

கறுப்புக்கோட்டு சொன்னதோடு ஒன்று. பென்சில்வேனியாவில் 2025 மே மாதம் கீழ்ச்சபை ஒரு சட்டமூலத்தை 102க்கு 101 என்று நிறைவேற்றியது, அரசே கடை நடத்துகிற மாதிரி. மேற்சபைக் குழுவில் விழுந்துவிட்டது. அரசுக் கடை என்றதும் நம்ம ஆட்கள் உடனே தவறணையை நினைப்பார்கள், ஒப்பீடு தப்பில்லை. ஆனால் கஞ்சா கூட்டரசுச் சட்டத்தில் இன்னும் தடை. அரசு ஊழியரே அதை விற்கிற நிலை என்றால் வழக்கு நிச்சயம். பெரும்பாலான மாநிலங்கள் தனியார் கடைக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்து ஒதுங்கி நிற்பதற்கு அது ஒரு காரணம்.

மேல்பிரிவு டீமேக்கர்:

ஆய்வுகூடம் பற்றி யாரும் தொடவில்லை. பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் டீஎச்சிஏ என்ற அமிலம். சூடாக்கும்போது கரியமிலவாயு பிரிந்து போய்த்தான் டீஎச்சி ஆகிறது, நிறையும் குறைகிறது. அதனால் மொத்த டீஎச்சி = டீஎச்சி + 0.877 × டீஎச்சிஏ. அமிலம் 22 வீதம், டீஎச்சி 0.8 வீதம் என்றால் மொத்தம் 20.1. இந்தப் பெருக்கலை விட்டுவிட்டு இரண்டையும் அப்படியே கூட்டினால் பொதியில் 22.8 என்று வரும். சட்டமூலத்தில் "டீஎச்சி வீதம்" என்று மட்டும் எழுதி, எந்தச் சூத்திரம் என்று சொல்லாவிட்டால் 35 வீத வரிக்கோடே ஆடும்.

ஊழல் நுழைகிற வாசல் மாதிரி எடுப்பது. வளர்ப்பவரே நல்ல பூவாகப் பொறுக்கி அனுப்பினால் அறிக்கையும் நன்றாகத்தான் இருக்கும். கூடுதல் வீதம் காட்டினால் கூடுதல் விலை, ஆகவே தாராளமாக இலக்கம் போடுகிற கூடத்தைத் தேடிப் போவார்கள். கூடத்தின் ஆள் வந்து தொகுதியிலிருந்து தானே எடுக்க வேண்டும் என்று விதி எழுதுவது அதற்காகத்தான். பூவின் நீர்ச்செயற்பாடு (பூஞ்சணம் பாவிக்கக்கூடிய ஈரத்தின் அளவு) 0.65க்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கும், அதற்கும் எல்லை வைக்கிறார்கள்.

தின்பண்டத்துக்குப் பல மாநிலங்களில் ஒரு பங்கு 10 மில்லிகிராம், ஒரு பொதி 100 மில்லிகிராம். பிரச்சினை அளவில் இல்லை, நேரத்தில். சாப்பிட்டதன் ஏறல் தெரிய அரை மணி முதல் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். ஒன்றும் ஏறவில்லையே என்று இரண்டாவது துண்டைத் தின்றவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். பிள்ளைகள் திறக்க முடியாத பொதி, மிட்டாய் போல் தெரியாத உறை என்ற விதிகளும் இதனால்தான்.

செடி முதல் கடை வரை நிறை எழுதுகிற முறை நம்ம ஃபெக்டரிக்குப் புதிதல்ல. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்ற கணக்கு பிசகினால் எங்கே போனது என்று கேள்வி வரும். அங்கேயும் ஈரநிறை, காய்ந்த நிறை, கழிவு மூன்றும் ஒத்துவர வேண்டும். கழிவைச் சரிபாதி வேறு குப்பையோடு கலந்து பாவிக்க முடியாமல் ஆக்கச் சொல்கிற மாநிலங்கள் உண்டு. கழிவுத் தேயிலைக்குத் தேயிலைச் சபை வைத்திருக்கிற கெடுபிடியை நினைத்துப் பாருங்கள், அதே புத்தி.

கறுப்புக்கோட்டு:

மூன்றாவது கேள்விக்கு. இங்கே பொருந்துவது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984இல் கடுமையாக்கினார்கள், 2022இலும் திருத்தினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், ஆகவே மாற்றம் பாராளுமன்றம் வழியாகத்தான் வரணும். அமெரிக்க மாநிலம் செய்வது தன் தண்டனையைத் தான் எடுப்பது. அவர்களுக்கு மேலே கூட்டரசுத் தடை அப்படியே நிற்கிறது. நமக்கு அப்படி இரண்டு அடுக்கு இல்லை.

ஆயுர்வேத மருந்துக்குக் கஞ்சா பயன்படுவது உண்மை. அது பதிவுபெற்ற வைத்தியருக்கும் மருந்து உற்பத்திக்கும் விட்ட வாசல், வீட்டுத் தோட்டத்துக்கு அல்ல. ஏற்றுமதிப் பேச்சு 2022 நவம்பரில் வரவுசெலவுத் திட்ட உரையில் வந்தது. 2025இல் வெளிநாட்டு முதலீட்டாளர் சிலருக்கு மீரிகமையில், ஏற்றுமதிக்கு மட்டும், முதலீட்டுச் சபை வழியாக அனுமதி போனது. ஊர்ப் பேச்சு அங்கிருந்து கிளம்பி மலையேறியிருக்கும். அதில் உள்ளூர் விற்பனையும் இல்லை, சிறு தோட்டக்காரனும் இல்லை. தோட்டக் காணியோ கம்பனிகளின் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. லயத்தில் இருப்பவருக்குக் குடியிருக்கும் காணிக்கே உறுதி கிடைக்காத இடத்தில் யாருக்கு அனுமதி கிடைக்கும் என்று யோசியுங்கள்.

மேல்பிரிவு டீமேக்கர்:

பயிராகப் பார்த்தாலும் மலை ஒத்துவராது. கஞ்சா பகல் குறுகினால் பூக்கிற செடி. நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம், நீண்ட நாளுக்கும் குறுகிய நாளுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பல இனங்கள் வளராமலே பூத்துவிடும். வியாபார அளவில் செய்பவர் மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டணும், கரண்ட் பில்லை அவர்தான் பார்க்கணும். தென்மேல் பருவக்காற்று மாதங்களில் கொழுந்தில் கொப்புள நோய் வருகிற அதே ஈரத்தில், நெருக்கமான பூங்கொத்துக்குள் சாம்பல் பூஞ்சணம் இறங்கும். இங்கே திருட்டுத்தனமாகப் போடுகிறவர்கள்கூட மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கச் சேனைகளுக்குத்தான் பெரும்பாலும் போகிறார்கள்.

பத்தனைச் சந்தி:

இரண்டு பேருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சின்னச் சந்தேகம். வட்டத்தில் ஒரு அக்காவின் மகன் சிகாகோவில் கிரீன் கார்டோடு இருக்கிறார். அங்கே சட்டபூர்வம் என்றால் அவருக்குப் பிரச்சினை இல்லையா? அப்புறம் விவாதத்துக்கு எந்தெந்தப் பிரிவை அச்செடுக்கணும்? முழுச் சட்டத்தையும் அடித்தால் காகிதம் தாங்காது.

கறுப்புக்கோட்டு:

பிரச்சினை இருக்கு. குடிவரவு கூட்டரசு விசயம், மாநிலச் சட்டம் அங்கே செல்லாது. கஞ்சா பாவித்தேன் என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலோ, கஞ்சாக் கடையில் வேலை செய்தாலோ, அந்த மாநிலத்தில் அது சட்டபூர்வமாக இருந்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக் கேள்வி வரும் என்று 2019 ஏப்ரலில் எழுத்தில் அறிவித்தார்கள். நாடுகடத்தலில் 30 கிராமுக்கு உட்பட்ட, சொந்தப் பாவனைக்கான ஒரே ஒரு குற்றத்துக்கு விதிவிலக்கு உண்டு. ஊருக்கு வந்து திரும்ப நுழையும்போது பார்க்கிற விதி வேறு, அதில் அந்த விலக்கு அப்படியே கிடைக்காது. அந்த அக்காவிடம் சொல்லுங்கள், மகன் தொடாமல் இருப்பதுதான் நல்லது. ஏற்கெனவே ஏதாவது நடந்திருந்தால் பயணத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

அச்செடுக்க இலினோய் சட்டத்தில் ஐந்து பிரிவு போதும். 1-10 வரைவிலக்கணம், 10-10 கையிருப்பு எல்லை, 10-35 எங்கே கூடாது என்பது, 55-25 நகரசபைகளின் அதிகாரம், 65-10 வரி. 55-25ஐ எதிரணிக்கும் கொடுங்கள். நகரசபை கடையைத் தடுக்கலாம், ஒருவர் வீட்டில் வைத்திருப்பதைத் தடுக்க முடியாது என்ற வித்தியாசம் அதில்தான் இருக்கு.