ஃப்ளெக்ஸ்ல கேப்: என் போன்ல சரி, கடைக்காரர் போன்ல ஒட்டிக்கிட்டு நிக்குது

முள்ளுக்கத்திரி:
குடியாத்தத்துல ஒரு லுங்கி மொத்த வியாபாரிக்கு ஆர்டர் எடுக்கற பக்கம் செஞ்சு குடுத்தேன். கலருக்கு ஒரு கட்டம், வரிசையா அடுக்க சிஎஸ்எஸ்ஸோட ஃப்ளெக்ஸ் லேஅவுட், கட்டங்களுக்கு நடுவுல இடைவெளிக்கு கேப் 12 பிக்சல். என் லேப்டாப்லயும் ஆண்ட்ராய்டுலயும் அம்சமா இருந்துச்சு. அவர் தன் ஐபோன் 6-ஐ நீட்டி, "என்னா தம்பி, பேல் கட்டின மாதிரி அமுங்கிக் கெடக்குது?"ன்னார். பச்சையைத் தொட்டா ஊதா ஆர்டர் ஆகுது.

அதே போன்ல குரோம் இருந்துச்சு, அதுலயும் அப்படியே. பிரவுசருக்கு இது தெரியுமான்னு சிஎஸ்எஸ்லயே கேக்கற சப்போர்ட்ஸ் விதி எழுதிப் பார்த்தேன், கேப் தெரியும்னுதான் வருது. தெரிஞ்சா ஏன் இடைவெளி விடல? எந்த பிரவுசருக்கு எது தெரியும்னு ஸ்கிரிப்ட் வச்சு எடுக்கற மாதிரி தகவல் எங்க கிடைக்கும்? காசு கட்டற சர்வீஸ் வேணாம்ணா. இந்த வேலைக்கே பாதிக் கூலி லுங்கியாத்தான் வந்துச்சு.

காட்பாடி_ஜங்ஷன்:
போன் பொய் சொல்லல தம்பி. ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஐத் தாண்டி ஏறாது. அந்த சஃபாரிக்கு கிரிட்ங்கற இன்னொரு லேஅவுட்ல கேப் தெரியும், ஃப்ளெக்ஸ்ல தெரியாது. சப்போர்ட்ஸ் விதி பேரையும் மதிப்பையும்தான் பார்க்கும், எந்த லேஅவுட்லன்னு கேக்காது. ஃப்ளெக்ஸ் கேப் ஃபயர்ஃபாக்ஸ் 63-ல 2018-லயே வந்துடுச்சு, குரோம் 84-ல 2020. சஃபாரி 14.1-க்கு 2021 ஏப்ரல் ஆச்சு. ஐபோன் குரோமும் உள்ளுக்குள்ள சஃபாரியோட இன்ஜின் வெப்கிட்தான், சட்டை மட்டும் வேற.

நீ தேடறது எம்டிஎன்ங்கற வெப் ஆவணத் தளத்தோட பிரவுசர்-காம்பாட்-டேட்டா. கிட்ஹப்லயும் இருக்கு, என்பிஎம்லயும் இறக்கலாம். எல்லாம் ஸ்கிரிப்ட் படிக்கற ஜேசன் ஃபைல், உரிமம் சிசி0, யாரையும் கேக்க வேணாம். கேப்புக்குள்ள போனா ஃப்ளெக்ஸ்_கான்டெக்ஸ்ட், கிரிட்_கான்டெக்ஸ்ட்னு தனித்தனியா பிரிச்சிருக்கும். அதுல சஃபாரி_ஐஓஎஸ்-க்கு நேரா வெர்ஷன்_ஆடட், அதாவது எந்த வெர்ஷன்ல வந்துச்சு, என்னன்னு பாரு. கேப்புன்னு தலைப்புல இருக்கற வரியோட நின்னுடாத, எல்லாரும் வழுக்கறது அங்கதான்.

அகழித்_தண்ணி:
இவ்வளவு தோண்டணுமா? எல்லா பிரவுசர்லயும் ஓடுமான்னு காட்டற பேஸ்லைன் குறியில பச்சை டிக் இருந்தா எழுதிட்டுப் போவேன் நான்.

காட்பாடி_ஜங்ஷன்:
போ, குடியாத்தத்துல மாட்டுவ. பேஸ்லைன் கணக்குப்படி, முக்கிய பிரவுசர் எல்லாத்துலயும் வந்து 30 மாசம் ஆனா 'பரவலா கிடைக்குது'. ஃப்ளெக்ஸ் கேப் 2023 அக்டோபர்லயே அதைத் தொட்டுடுச்சு. 2014-ல வந்த போனை இன்னும் பையில வச்சிருக்கறவர் அந்தக் கணக்குல இல்ல. இதே மாதிரி தகவல் தர்ற கேன்ஐயூஸ் தளத்துலருந்தும் எடுக்கலாம், ஆனா அது சிசி-பிஒய் 4.0, பேர் போடணும்.

முள்ளுக்கத்திரி:
பார்த்துட்டேன்ணா, சஃபாரிக்கு நீங்க சொன்ன 14.1 அப்படியே இருக்கு, சஃபாரி_ஐஓஎஸ்-க்கு 14.5. எந்தெந்த பிரவுசருக்குன்னு எழுதற பிரவுசர்ஸ்லிஸ்ட்ல ஐஓஎஸ் 12 சேர்த்தா, பழைய பிரவுசருக்கு சிஎஸ்எஸ்ஸைத் தயார் பண்ற ஆட்டோபிரிஃபிக்ஸர் சரி பண்ணிடும்னு நினைச்சு ஒரு சாயங்காலம் போச்சு. அது சிஎஸ்எஸ் பேருக்கு முன்னாடி பிரவுசரோட முன்னொட்டுதான் ஒட்டும், இல்லாத இடைவெளியை எங்கிருந்து கொண்டு வரும்? கேப்பைத் தூக்கிட்டு, கட்டத்துக்கு நாலு பக்கமும் 6 பிக்சல் மார்ஜின், வெளிப்பெட்டிக்கு மைனஸ் 6 மார்ஜின். நேத்து கடைக்கே போய் அவர் போன்ல காட்டினேன். ஊதாவைத் தொட்டார், ஊதாவே வந்துச்சு. "எழுத்து கொஞ்சம் பெருசா போடு"ன்னு அடுத்ததை ஆரம்பிச்சுட்டார்.