ஒருவழி டிக்கெட்டில் பாங்காக்: கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியேறும் டிக்கெட் கட்டாயமா?

கரூர்க்காரன் (கேள்வி)

வணக்கம். போன வெள்ளிக்கிழமை இரவு சென்னை விமான நிலையம் வரை போய், விமானம் ஏறாமலேயே ஊர் திரும்பினோம், நானும் என் மாமா மகனும். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்கள் திட்டம் இது. சென்னையிலிருந்து பாங்காக்குக்கு ஒருவழி டிக்கெட். தாய்லாந்தில் பன்னிரண்டு நாள். பிறகு ரயிலில் லாவோஸ், அங்கிருந்து பஸ்ஸில் வியட்நாம், கடைசியில் ஹனோயிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் சென்னை. ஹனோய் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது, வியட்நாம் சுற்றுலா இ-விசாவும் கையில் இருக்கிறது. லாவோஸ் ரயிலுக்கு மட்டும் பாங்காக் போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தோம்.

கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை எடை போட்டு, பட்டியும் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் "ரிட்டர்ன் டிக்கெட்?" என்றார். ஹனோய் டிக்கெட்டைக் காட்டினேன். "இது வியட்நாமிலிருந்து. தாய்லாந்தை விட்டு எப்படி வெளியே போவீர்கள்?" ரயிலில் என்றேன். "டிக்கெட்?" இல்லை. மேலதிகாரி ஒருவர் வந்து திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒட்டிய பட்டியைக் கிழித்து, பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம், 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து 2024 ஜூலையில் அறிவித்தது. அந்த அறிவிப்பை வைத்துத்தான் கிளம்பினோம். விசா கொடுக்கும் நாடே கேட்காததை விமான நிறுவனம் கேட்கலாமா? அபராதம் கட்டித் தேதி மாற்றி, வரும் வியாழன் மறுபடி கிளம்புகிறோம். இந்தத் தடவை எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

பழைய டிக்கெட் கவுண்டர், திருச்சி

தம்பி, முப்பது ஆண்டுகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் சொல்கிறேன், அந்தப் பெண் மேல் கோபப்படாதீர்கள். அவர் பார்த்த திரையில் டிமாட்டிக் என்ற தரவுத்தளம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்துவது அது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், எத்தனை நாள், எதற்கு என்று தட்டினால் அந்த நாட்டின் நிபந்தனைகள் வந்து விழும். தூதரக இணையதளத்தில் நீங்கள் படித்தது உங்களுக்கு வேதம் என்றால், கவுண்டருக்கு அந்தத் திரைதான் வேதம்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில நாடுகளுக்கு "திரும்பும் அல்லது அடுத்த நாட்டுக்குப் போகும் டிக்கெட் இருந்தாக வேண்டும்" என்று கண்டிப்பாகவே போட்டிருப்பார்கள். வேறு சிலவற்றுக்கு "டிக்கெட் இல்லாதவர்கள் அனுமதி மறுக்கப்படலாம்" என்று இருக்கும். இந்த "படலாம்"தான் எல்லாத் தகராறுக்கும் வேர். ஒரு கவுண்டரில் விட்டுவிடுவார்கள், பக்கத்துக் கவுண்டரில் பிடித்துக்கொள்வார்கள்.

அவர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால், அங்கே உங்களை உள்ளே விடாவிட்டால் திருப்பிக் கூட்டி வரும் பொறுப்பு ஏற்றிச் சென்ற நிறுவனத்தின் தலையில்தான் விழும். பல நாடுகளில் அதற்குமேல் அபராதமும் உண்டு. விசா கையில் இருப்பவருக்கும் இதே கதைதான். தூதரகம் விசா ஒட்டிக் கொடுத்துவிட்டதாலேயே எல்லையில் அனுமதி உறுதியாகிவிடாது.

உங்கள் ஹனோய் டிக்கெட் தாய்லாந்தை விட்டு வெளியேறுவதற்குச் சான்று ஆகாது. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி.

சும்மா ஒருவன்

இதற்கு இவ்வளவு பேச்சா? பழைய பாங்காக்–சென்னை டிக்கெட் பிடிஎஃப் ஒன்றை எடுத்துப் பெயரையும் தேதியையும் மாற்றி அச்சடித்துக்கொண்டு போங்கள். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். யாரும் சீண்டவில்லை.

பழைய டிக்கெட் கவுண்டர், திருச்சி

இப்படி யோசனை சொல்பவர்கள் மாட்டிக்கொண்டவன் கூடப் போய் நிற்கமாட்டார்கள். முன்பதிவு எண் ஆறு எழுத்து. அதை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் பத்து விநாடியில் உண்மை வெளுத்துவிடும். டிக்கெட் என்றால் அதற்கு மேல் பதின்மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறியீடு. ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. இது தெரியாமல் ஒட்டுவேலை செய்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். டிக்கெட் இல்லாமல் வந்தவனை வீட்டுக்கு அனுப்புவார்கள். பொய் ஆவணம் காட்டியவனை அனுப்பும் இடம் வேறு.

இரண்டு நாளைக்கு முன்பதிவை வாடகைக்குத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அவர்களைப் பற்றியும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். சிலர் தருவது நிஜ முன்பதிவுதான். ஆனால் பணம் கட்டாததால் பதின்மூன்று இலக்க எண் வந்திருக்காது. கூர்மையான ஊழியர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் மலிவான நிஜ டிக்கெட்டே கிடைக்கும்.

ஈப்போ வாசகன்

நாங்கள் பாடாங் பெசார், புக்கிட் காயு ஹீத்தாம் என்ற மலேசிய எல்லைச்சாவடிகளில் தரைவழியாகத் தாய்லாந்துக்குப் போய் வருவோம். திரும்பும் டிக்கெட் எங்கே என்று என்னை ஒருநாளும் கேட்டதில்லை. விமானத்தில் போனால்தான் இந்தக் கேள்வி வருகிறது. அதுவும் அங்கே இறங்கிய பிறகு இல்லை, இங்கே ஏறும்போதே.

பாங்காக்–கோலாலம்பூர் டிக்கெட் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும், அதையும் பாருங்கள். இந்தியர்களுக்கு மலேசியா 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாமல் அனுமதி தந்திருக்கிறது. ஆனால் நாளைக்கு நீங்கள் மலேசியாவுக்கு வருவதானாலும் திரும்பும் டிக்கெட் கேட்பார்கள், மறந்துவிடாதீர்கள்.

கோவை நடையன்

பாலியில் எனக்கு நடந்தது. இந்தோனேசியாவில் இறங்கியதும் வாங்கும் விசாவுக்கு 5,00,000 ரூபியா, 30 நாள், ஒரு தடவை நீட்டிக்கலாம். வெளியேறும் டிக்கெட் அதன் நிபந்தனையிலேயே இருக்கிறது. பெங்களூரில் யாரும் கேட்காததால் நிம்மதியாகப் போய் இறங்கினேன். அங்கே குடியேற்ற அதிகாரி கேட்டார். வரிசையை விட்டு விலகி, சுவரோரம் நின்று, விமான நிலையத்து வைஃபையில் சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். அவசரத்தில் விலை பார்க்கவில்லை. அந்தத் தொகையை இங்கே எழுதினால் மனைவி படித்துவிடுவாள்.

பழைய டிக்கெட் கவுண்டர், திருச்சி

கரூர்த் தம்பி, கேட்க மறந்தேன். உங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் "இசிஆர்" என்று இருக்கிறதா? மகாபலிபுரம் போகும் சாலை இல்லை, குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு.

கரூர்க்காரன்

எனக்கு இல்லை. மாமா மகனுக்கு இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறிப்பட்டறைக்குப் போனவன். அதனால் என்ன?

பழைய டிக்கெட் கவுண்டர், திருச்சி

அதனால்தான் எல்லாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் குறிப்பு வரும். இந்தக் கட்டுப்பாடு பதினெட்டு நாடுகளுக்கு உண்டு. வளைகுடா நாடுகளோடு தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுற்றுலாவுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். இதைக் கேட்பது தாய்லாந்துக்காரர் இல்லை, சென்னையில் முத்திரை குத்தும் நம் அதிகாரி. கவுண்டரைத் தாண்டியிருந்தாலும் அந்தப் பையன் அங்கே நின்றிருப்பான்.

இதற்குப் பின்னால் வேதனையான காரணம் இருக்கிறது. வேலை என்று ஆசை காட்டிப் பாங்காக்குக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்தார்கள். அதில் நம் தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு. 2025 மார்ச்சில் மட்டும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்களைத் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். ஒருவழி டிக்கெட்டில் பாங்காக் போகும் இளைஞனைப் பார்த்தால் அதிகாரிக்கு அந்த நினைப்பு வராமல் இருக்குமா?

உங்களுக்கு இதைச் செய்யுங்கள்: இருவர் பெயரிலும் பாங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியஞ்சானுக்கு விமான டிக்கெட், பணம் திரும்பக் கிடைக்கும் வகையில். அதோடு ஹனோய்–சென்னை டிக்கெட், வியட்நாம் விசா, விடுதிப் பதிவு எல்லாவற்றையும் தாளில் அச்சடித்துத் தேதி வரிசையில் அடுக்குங்கள். கைப்பேசியில் தேடிக்கொண்டு நின்றால் கேட்பவருக்குச் சந்தேகம் கூடும். தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள். அது இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்து வாசகி

எங்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்திலும் இதே நிலைதான். எங்கள் இளைஞர்களும் அந்தக் கூடங்களில் சிக்கினார்கள். தம்பியார் பாங்காக் போனபோது திரும்பும் விமானச்சீட்டோடு விடுதிக்குப் பணம் கட்டிய பற்றுச்சீட்டும் கேட்டார்கள். கடவுச்சீட்டை விட அந்தப் பற்றுச்சீட்டைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

கரூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று: ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துக் காட்டினால் ஆகாதா? மாமா மகன் அங்கோர்வாட் பார்க்க வேண்டும் என்கிறான், அதனால் கம்போடியா பக்கம் தரைவழியாகப் போகவும் யோசனை.

கோவை நடையன்

கம்போடியா யோசனையை விடுங்கள். 2025 ஜூனில் தாய்லாந்து அந்தத் தரை எல்லையை மூடியது, ஜூலையில் சண்டையே மூண்டது. பழைய பயணக் குறிப்புகளில் அரண்யபிரதேத்–போய்பேட் வழி என்று எழுதியிருப்பதை நம்பிப் போய் நிற்காதீர்கள்.

பெயர் அச்சிட்ட ரயில் டிக்கெட்டைச் சில கவுண்டர்களில் ஏற்பார்கள், சிலவற்றில் விமான டிக்கெட்தான் வேண்டும் என்பார்கள். ஒரு தடவை திரும்பி வந்த பிறகு அந்தச் சூதாட்டம் எதற்கு? இன்னொன்று, வியட்நாம் இ-விசாவில் எந்த எல்லைச்சாவடி வழியாக நுழைவீர்கள் என்று எழுதியிருக்கும். வியஞ்சான்–ஹனோய் பஸ் பொதுவாகக் காவ் ட்ரியோ என்ற லாவோஸ்–வியட்நாம் எல்லைச்சாவடி வழியாகப் போகும். உங்கள் விசாவில் ஹனோய் விமான நிலையம் என்று இருந்தால் இப்போதே மாற்றி எடுங்கள்.

கரூர்க்காரன் (பத்து நாள் கழித்து)

பாங்காக்கிலிருந்து எழுதுகிறேன். விசாவில் விமான நிலையம்தான் போட்டிருந்தது. கோவை நடையன் சொல்லியிருக்காவிட்டால் பஸ்ஸை விட்டு இறக்கியிருப்பார்கள். 25 டாலர் கட்டிப் புது விசாவுக்கு விண்ணப்பித்தோம், நேற்றுதான் வந்தது.

சென்னையில் கவுண்டரில் அதே பெண். அடையாளம் தெரிந்ததோ என்னவோ, சிரிக்கவில்லை. வியஞ்சான் டிக்கெட்டை நீட்டினேன். பதின்மூன்று இலக்கத்தையும் விரல் வைத்துப் படித்துத் தட்டினார், பெட்டிக்குப் பட்டி ஒட்டினார். குடியேற்ற வரிசையில் மாமா மகனை மட்டும் தனியாக அழைத்துக் கால் மணி நேரம் கேள்வி. யார் பணம் கொடுத்தார்கள், அங்கே யாரைத் தெரியும், எப்போது திரும்புவாய். ஹனோய்–சென்னை டிக்கெட்டைப் பார்த்த பிறகுதான் முத்திரை விழுந்தது.

பாங்காக்கில் இறங்கியதும் அடுக்கி வைத்த தாள் கட்டோடு போய் நின்றேன். அந்த அதிகாரி அதைத் தொடவே இல்லை. கைரேகை, புகைப்படம், முத்திரை, அடுத்த ஆள்.

வியஞ்சான் விமான டிக்கெட்டை இன்று காலை ரத்து செய்துவிட்டு, இரவு ரயிலில் படுக்கை எடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை. வந்ததும் எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதுகிறேன். கிடைத்தது மேல் படுக்கை. விளக்கை இரவு முழுக்க அணைக்கமாட்டார்களாம், முகத்தில் போர்த்த ஒரு துண்டு வாங்கப் போகிறேன்.