குறுவை அறுப்பு நேரம்: மூன்று ஆப் மூன்று கதை சொல்கிறது, எதை நம்பி மிஷினுக்குச் சொல்வது?

வயலோரம் | செவ்வாய், காலை 7.10

மன்னார்குடி பக்கம் நாலு ஏக்கர் குறுவை, கோ 51 ரக நெல். கதிர் நன்றாகப் பழுத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டால் மணி உதிர ஆரம்பிக்கும். பெல்ட் மிஷின்காரர் வியாழக்கிழமை வருகிறேன் என்கிறார். அதை விட்டால் வண்டி கும்பகோணம் பக்கம் போய்விடுமாம், திரும்பி வர பத்து நாள்.

போனில் மூன்று வானிலை ஆப் வைத்திருக்கிறேன். ஒன்று வியாழன் மழைக்கு 40 சதவீதம் என்கிறது. இன்னொன்றில் வெறும் சூரியப் படம். மூன்றாவது நேற்று ராத்திரி வரை இடிமேகம் காட்டிவிட்டு, காலையில் அதை எடுத்துவிட்டது. டிவியில் "டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு". அந்த ஓரிரு இடம் எங்கள் வயலா, பக்கத்து ஊர் வயலா?

போன வருஷம் இதே மாதிரி சூரியப் படத்தை நம்பி நெல்லை ரோட்டோரம் கொட்டிக் காய வைத்தோம். சாயங்காலம் நாற்பது நிமிஷம்தான் பெய்தது. நெல்லின் ஈரப்பதம் 21 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. 17க்கு இறங்குகிற வரை கொள்முதல் நிலைய வாசலில் ஆறு நாள் காவல் கிடந்தோம்.

அப்பாவுக்கு 78 வயசு. "அந்தக் காலத்து ரேடியோவே தேவலை. மழை வரும்னு சொன்னா தைரியமா நெல்லைக் காய வைப்போம்" என்கிறார். கிண்டல்தான். ஆனாலும் என்னிடம் பதில் இல்லை. நிஜமாகவே கணிப்பு முன்னேறியிருக்கிறதா, இல்லை படம் மட்டும்தான் அழகாகியிருக்கிறதா? எத்தனை நாள் முன்னால் சொல்வதை நம்பலாம்?

வேளச்சேரிவாசி | செவ்வாய், காலை 7.45

எதையும் நம்பாதீர்கள். 2024 அக்டோபர் 16, சென்னைக்கு ரெட் அலர்ட். முந்தின நாள் நல்ல மழை வேறு, அதனால் ஊரே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தியது. நானும்தான். மறுநாள் வெயில் அடித்தது. பாலத்து மேல் நிறுத்திய காரில் காக்கா எச்சம்தான் மிச்சம்.

மழைமானி | செவ்வாய், காலை 9.20

வேளச்சேரி நண்பரே, அந்த மழை காணாமல் போகவில்லை. தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே நகர்ந்தது, மழை மேகமெல்லாம் ஆந்திரக் கரைப் பக்கம் போய்விட்டது. மறுநாள் அதிகாலை அது சென்னைக்கு வடக்கேதான் கரை கடந்தது. வங்கக் கடலில் ஒரு சுழல் வருகிறது, இன்ன நாளில் கரையைத் தொடும் என்பதைச் சரியாகவே சொன்னார்கள். சில பத்து கிலோமீட்டர் பிசகியது. கடல் அளவுக்கு அது சின்னப் பிழை, உங்கள் காருக்குப் பெரிய பிழை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது வயலோரம் தம்பிக்கு. நான் ஒரு அரசு அலுவலகத்தில் பல வருஷம் தினமும் காலை எட்டரைக்கு மழை அளவு எடுத்துக் குறித்தவன். அந்த "ஓரிரு இடங்களில்" என்பதை எல்லோரும் சாமியார் குறி மாதிரி நினைக்கிறார்கள். அதற்குக் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் இருக்கிற மழைமானிகளில் கால்வாசிக்கு உள்ளேதான் மழை பதிவாகும் என்றால் "ஓரிரு இடங்களில்". கால்வாசியிலிருந்து பாதி வரை "ஒரு சில இடங்களில்". பாதியைத் தாண்டினால் "அநேக இடங்களில்", முக்கால்வாசியையும் தாண்டினால் "பெரும்பாலான இடங்களில்". கனமழை என்பதும் சும்மா சொல்கிற வார்த்தை இல்லை, 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. தொட்டால்தான் கனமழை. அதனால் டிவியில் சொன்னதை இப்படிப் படியுங்கள்: உங்கள் வட்டாரத்தில் நாலு ஊரில் மூன்றுக்காவது மழை இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம், நனைகிற ஊர் எது என்று எங்களுக்குத் தெரியாது. இது நழுவல் இல்லை. தெரிந்த அளவுக்குச் சொல்கிற நேர்மை.

ஆப் விஷயம். மழையை எந்த ஆப்பும் கண்டுபிடிப்பதில்லை. வானிலையைக் கணக்குப் போடுகிற பெரிய கணினி மாதிரிகள் உலகத்தில் ஏழெட்டு ஓடுகின்றன, ஆப் என்பது அதில் ஒன்றை எட்டிப் பார்க்கிற ஜன்னல். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறது. நம் நாட்டில் 12 கிலோமீட்டர் கட்டமாக இருந்தது, 2025 மே மாதம் வந்த பாரத் கணிப்பு முறையில் 6 கிலோமீட்டர் ஆனது. ஐப்பசி பிறக்கும் முன் வருகிற இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். ஒரு கட்டத்துக்குள் முளைத்து, கொட்டிவிட்டு, ஒரு மணி நேரத்தில் செத்தும் போய்விடும். வலையின் கண்ணைவிட மீன் சின்னது. எந்த ஜன்னலைத் திறந்தால் என்ன?

வயலோரம் | செவ்வாய், காலை 10.05

ரொம்ப நன்றி ஐயா. தம்பி இல்லை, தங்கச்சி. அந்த 40 சதவீதம் மட்டும் இன்னும் புரியவில்லை. பகலில் 40 சதவீத நேரம் பெய்யுமா, 40 சதவீத வயலில் பெய்யுமா?

மழைமானி | செவ்வாய், காலை 10.30

மன்னிக்கணும் தங்கச்சி. ரெண்டும் இல்லை. இதே மாதிரி பத்து நாள் அமைந்தால் அதில் நாலு நாள் உங்கள் இடத்தில் மழை பெய்திருக்கும் என்று அர்த்தம். 1961ல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி கணினியில் வானிலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 0.506127 என்ற எண்ணை இரண்டாவது தடவை 0.506 என்று சுருக்கிப் போட்டுவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து பார்த்தால் வேறு வானிலையே வந்திருந்தது. தொடக்கத்தில் அத்தனை சின்ன வித்தியாசம் போதும். அதனால் இன்று ஒரே கணக்கை நம்புவதில்லை. ஐரோப்பிய மையத்தில் தொடக்க நிலையைத் துளித்துளி மாற்றி ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டுகிறார்கள். ஐம்பதில் இருபது மழை காட்டினால், ஏறக்குறைய உங்கள் 40 சதவீதம். சூரியப் படம் போடுகிற ஆப் மற்ற முப்பதைப் பார்த்துவிட்டு ஒரு படத்தோடு முடித்துக்கொள்கிறது. ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கும்!

பழைய கூண்டு | செவ்வாய், பிற்பகல் 2.15

முன்னேறியிருக்கிறதா என்று கேட்டீர்களே, அதற்கு நான் சொல்கிறேன். எங்களுடையது துறைமுகத்து ஊர். சின்ன வயசில் எங்களுக்கு வானிலை அறிக்கை என்றால் கம்பத்தில் ஏறுகிற புயல் கூண்டுதான். ஒன்றாம் நம்பர் என்றால் தூரத்தில் ஏதோ இருக்கிறது, பத்து என்றால் ஊரைக் காலி பண்ணு. அப்போது நடுக்கடலில் என்ன நடக்கிறது என்று கப்பல்காரர்கள் சொன்னால் உண்டு. புயலில் மாட்டாமல் இருக்கத்தானே கப்பல் விலகிப் போகும்? சேதி வேண்டிய இடத்தில் சொல்ல ஆளே இருக்காது.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் கடலோடு போனது. 1977 நவம்பரில் ஆந்திராவில் திவிசீமா புயல், பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். 1983ல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் மேலே போன பிறகுதான் நம் கடல் மேலிருக்கிற மேகத்தை நம் கண்ணே விடாமல் பார்க்க ஆரம்பித்தது. பார்த்தால் மட்டும் போதவில்லை, 1999ல் ஒடிசாவில் மறுபடி புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் போனார்கள். அதே ஒடிசாவுக்கு 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தது. எங்கே, எப்போது என்று நாலைந்து நாள் முன்னாலேயே தெரிந்ததால் லட்சக்கணக்கானவர்களைக் கிளப்பிக் கூட்டிப் போய்விட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்குள். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ரேடியோவைக் கிண்டல் பண்ணலாம், நானும் பண்ணியிருக்கிறேன். ஆனால் கடற்கரைக்காரனுக்கு அந்தக் காலம் வேண்டாம்.

சந்தேகப்பிராணி | செவ்வாய், பிற்பகல் 3.00

அப்படியானால் 2023 டிசம்பரில் காயல்பட்டினம்? ஒரே நாளில் 95 செ.மீ. சென்னையில் 2021 டிசம்பர் 30, மத்தியானம் ஆரம்பித்த மழை ராத்திரிக்குள் மயிலாப்பூர் பக்கத்தை மூழ்கடித்தது, காலையில் யாருமே வாயைத் திறக்கவில்லை. இதுதான் முன்னேற்றமா?

மழைமானி | செவ்வாய், பிற்பகல் 3.40

நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். 2021ல் தவறியது தவறியதுதான். கடலிலேயே பெய்துவிடும் என்று நினைத்த மேகக் கூட்டம் கரைக்குள் வந்தது. காயல்பட்டினம் வேறு கதை. தென் மாவட்டங்களுக்குப் பெருமழை உண்டு என்பது முன்னாலேயே தெரிந்ததுதான். ஆனால் மழை அளவுப் பட்டியலில் மிக உயர்ந்த படியே 20 செ.மீ.க்கு மேல் என்பதோடு முடிந்துவிடுகிறது. 21ம் அதற்குள்தான், 95ம் அதற்குள்தான். அளவு விஷயத்தில் இன்றைக்கும் தடுமாற்றம் இருக்கிறது. 2024 நவம்பர் ஃபெஞ்சலும் அப்படித்தான், புயலாகுமா ஆகாதா என்றே கடைசி வரை இழுபறி. புதுச்சேரி அருகே கரை கடந்ததும் நகராமல் உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் 51 செ.மீ.

மொத்தத்தில், பத்து வருஷத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் கணிப்பு நீண்டிருக்கிறது. இருபது வருஷம் முன்னால் மூன்றாவது நாளைப் பற்றி எவ்வளவு உறுதியாகச் சொன்னார்களோ, அந்த உறுதியோடு இன்று ஐந்தாவது நாளைச் சொல்கிறார்கள். பெரிய சுழல்களுக்கு இது பொருந்தும். ஒற்றை இடிமேகத்துக்குப் பொருந்தாது.

வயலோரம் | செவ்வாய், மாலை 5.30

எல்லாம் புரிகிறது. ஆனால் மிஷின்காரர் இன்று ராத்திரிக்குள் பதில் கேட்கிறார். வியாழன் வரச் சொல்லவா, வேண்டாமா?

வடுவூர்க்காரன் | செவ்வாய், மாலை 6.20

வரச் சொல்லுங்கள் அக்கா. நானும் உங்கள் பக்கம்தான், நாலு வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்.

ஐந்து நாள் முன்னால் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன், வங்கக் கடலில் தாழ்வு எதுவும் உருவாகிறதா என்று. இப்போது இல்லை. இருந்திருந்தால் ஆப்பையே பார்க்காமல் வேண்டாம் என்றிருப்பேன். ரெண்டு நாள் முன்னால், மூன்று ஆப்பை ஒப்பிடுவதை விட்டுவிட்டு ஒரே ஆப் காலையும் மாலையும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பார்ப்பேன். மாற்றி மாற்றிப் பேசினால் அதுக்கே தெரியவில்லை என்று அர்த்தம். உங்கள் மூன்றாவது ஆப் ராத்திரி ஒன்று காலையில் ஒன்று என்று சொன்னதே, அதைத்தான் நான் கவனிப்பேன். செவ்வாய், வெள்ளியில் மாவட்ட வாரியாக விவசாய வானிலை அறிக்கை வரும், மேகதூத் ஆப்பில் தமிழிலேயே கிடைக்கும், அதையும் ஒரு பார்வை.

அன்றைய தினம் ஆப்பை மூடிவிட்டு காரைக்கால் ரேடார் படம். வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன்னால் நம் பக்கம் மழை பெரும்பாலும் மேற்கேயிருந்து, மத்தியானத்துக்கு மேல்தான் வரும். தஞ்சாவூர் பக்கம் சிவப்பு, அதாவது பலமான மழை மேகம், தெரிந்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. காலையில் பனி ஈரம் காய்ந்ததும் வண்டியை இறக்கி, மூன்று மணிக்குள் முடிந்தவரை அறுத்துவிடுங்கள். அறுத்ததை அன்றே பரப்ப வேண்டாம், குவித்து தார்ப்பாய் போடுங்கள். மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி ஆப்பும் வைத்துக்கொள்ளுங்கள், இடி விழுகிற நேரத்தில் ஆட்களை வயலில் நிறுத்தக் கூடாது.

வேளச்சேரிவாசி | செவ்வாய், இரவு 7.05

ஈசல் பறக்கிறதா என்றும் பாருங்கள். அந்தி ஈசல் அடைமழைக்கு அறிகுறி என்று என் பாட்டி சொல்வார்.

மழைமானி | செவ்வாய், இரவு 7.20

தப்பில்லை. காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது என்று ஈசலுக்குத் தெரிகிறது. எந்த ஊரில் பெய்யும் என்று அதுக்கும் தெரியாது.

வயலோரம் | வெள்ளி, இரவு 8.40

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வியாழன் பத்து மணிக்கு வண்டி இறங்கியது. ரெண்டே முக்காலுக்கு இரண்டரை ஏக்கர் முடிந்தபோது ரேடாரில் வல்லம் பக்கம் சிவப்பாக ஒரு திட்டு. மிஷின்காரர் "வெயில் சுள்ளென்று அடிக்குது, என்னம்மா நீங்க" என்று முறைத்தார். நிறுத்தி, நெல்லைக் குவித்து மூடினோம். நாலேகால் மணிக்கு நீடாமங்கலத்தில் கொட்டியது. எங்களுக்கு நாலு தூறல்.

அப்பா "பாத்தியா, வரலை" என்றார். நான் 40 சதவீதத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பெய்ஞ்சாலும் அவன் சொன்னது சரி, பெய்யலேன்னாலும் சரி. இந்த வேலை எனக்கும் கிடைக்குமா?" என்றார்.

வண்டி ஒரு நாள் கூடுதலாக நின்றதால் இன்று மீதி ஒன்றரை ஏக்கரும் ஆகிவிட்டது. நேற்றைய நெல்லை காலையில் பரப்பினோம், மத்தியானம் பார்த்தபோது ஈரப்பதம் 18. நாளை ஒரு வெயில் போதும். திங்கட்கிழமைக்கு மேல் கடலில் ஒரு சுழற்சி என்று இன்றைய அறிக்கை சொல்கிறது, ரெண்டு நாளாக அதே கதைதான், மாறவில்லை. வடுவூர் தம்பி, உங்களிடம் பெரிய தார்ப்பாய் இரண்டு நாளைக்கு இரவல் கிடைக்குமா?